வாடிக்கைக்காரரை நினைவு வைக்கும் மென்பொருள்: அப்படியே வாங்குவதா? மாற்றி எழுதச் சொல்வதா?

ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அன்று முதல் செப்டம்பர் 8-ந் தேதி வரை அந்தச் சிறிய ஊரில் கால் வைக்க இடம் இராது.

ரெயிலில் வருகிறார்கள். பஸ்சில் வருகிறார்கள். காவி உடை உடுத்தி, பல நாள் நடந்தே வருகிறவர்களும் உண்டு. தமிழர்கள் மட்டும் அல்ல, மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி பேசுகிறவர்களும் வருகிறார்கள். கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். 1962-ம் ஆண்டில் போப்பாண்டவர் 23-ம் ஜான் இந்தக் கோவிலுக்குப் பேராலய அந்தஸ்து கொடுத்தார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். ஆகவே ஊரில் விடுதிகள் பெருகின.

இந்த விடுதித் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு முறை வந்தவர் பெரும்பாலும் மறுபடி வருவார். குழந்தைக்கு முடி இறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர், குழந்தையோடு வருவார். அடுத்த வருஷம் தங்கை குடும்பத்தையும் அழைத்து வருவார். பத்து வருஷம் கழித்து அதே குழந்தை, மீசை முளைத்த பையனாக வந்து நிற்கும்.

அந்தக் குடும்பத்தை நினைவு வைத்திருக்கும் விடுதி பிழைக்கும். மறந்த விடுதியைக் குடும்பமும் மறந்துவிடும்.

கணக்குப்பிள்ளையின் தலைக்குள்

முன்பெல்லாம் இந்த நினைவு எங்கே இருந்தது? கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது.

"கொல்லத்துக்காரங்களா? கீழ்த்தளத்திலே ரூம் போடு தம்பி. அவங்க பாட்டிக்கு மாடி ஏற முடியாது" என்பார் அவர். எந்த நோட்டையும் புரட்ட மாட்டார்.

ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் வயது ஆகிறது. அவர் வேலையை விட்டால், இருபது வருஷத்து நினைவும் அவருடன் போய்விடும். மிச்சம் இருப்பது தடித் தடியான வருகைப் பதிவு நோட்டுகள். அவற்றில் பெயர் இருக்கும், விலாசம் இருக்கும். "பாட்டிக்கு மாடி ஏற முடியாது" என்பது இராது.

நோட்டுக்குப் பகை வேறு உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வேளாங்கண்ணிக் கடற்கரையில் புகுந்து மக்களையும் கடைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. உயிர்ச் சேதத்தின் முன் நோட்டுப் புத்தகம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மறுபடி தொழிலைத் தொடங்க நினைத்தவனுக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் யார் வாடிக்கை என்பதும் ஒரு முதல்தான்.

பிறகு கொரோனா வந்தது. 2020-லும் 2021-லும் திருவிழாவுக்கு வெளியூர் மக்கள் வரத் தடை. முன்பணம் கட்டியவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். போன் நம்பர்கள் ஒழுங்காக ஓர் இடத்தில் இருந்தவர்கள் அரை நாளில் சொல்லி முடிக்கலாம். மற்றவர்கள் நோட்டைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சி.ஆர்.எம். என்ற மென்பொருள். வாடிக்கைக்காரரோடு உள்ள உறவைப் பேணும் கம்ப்யூட்டர் ஏற்பாடு என்று பொருள். யார் கேட்டார், எப்போது கேட்டார், என்ன பதில் சொன்னோம், எப்போது மறுபடி கூப்பிட வேண்டும் என்பதை எல்லாம் அது வைத்துக்கொள்ளும். கணக்குப்பிள்ளை ஊருக்குப் போயிருந்தாலும் புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

இரண்டு தமிழர்கள்

இந்த மென்பொருள் அமெரிக்காவில் பிறந்தது. 1993-ம் ஆண்டில் தொடங்கிய சீபெல் என்ற கம்பெனி இதில் பெரும் பெயர் பெற்றது. பெரிய பெரிய நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றின. தங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதின. வருஷக் கணக்கில் வேலை நடக்கும். பணம் தண்ணீராக ஓடும்.

1999-ல் சேல்ஸ்போர்ஸ் என்ற கம்பெனி வேறு வழியைக் காட்டியது. "மென்பொருளை வாங்க வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இன்டர்நெட் மூலம் உபயோகியுங்கள். வாடகை கொடுங்கள்" என்றது. சிறு வியாபாரிகளுக்கும் கதவு திறந்தது அப்போதுதான். சீபெல் கம்பெனியைப் பிற்பாடு ஆரக்கிள் வாங்கிவிட்டது.

இந்தப் போட்டியில் தமிழ்நாடும் குதித்தது. சோகோ கம்பெனி 2005-ம் ஆண்டில் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தஞ்சை மாவட்டத்துக் கிராமக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

இன்னொருவர் திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம். தஞ்சாவூர் சண்முகா கல்லூரியில் என்ஜினீயரிங் படித்தவர். சோகோவில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து இவர் சென்னைக்குத் திரும்பி வந்தபோது, கப்பலில் வந்த டெலிவிஷன் பெட்டி உடைந்து கிடந்தது. நஷ்டஈடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். பயன் இல்லை. கடைசியில் நடந்ததை எல்லாம் இன்டர்நெட்டில், பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எழுதினார். அதன் பிறகு பணம் வந்தது! வாடிக்கைக்காரரின் குறைக்குக் காது கொடுக்காத வியாபாரம் இனி நிலைக்காது என்று அவர் மனதில் பட்டது. 2010-ல் பிரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார். பிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அது, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது.

ஆக, காவிரிக் கரையைச் சேர்ந்தவர்கள் செய்த மென்பொருளை உலகம் பூராவும் உபயோகிக்கிறார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்து விடுதிக்காரரும் மாத வாடகை கட்டி அதை எடுக்கலாம்.

எடுத்த மறு நாளே சிக்கல் வருகிறது.

"லீட்" என்றால் என்ன?

மென்பொருளைத் திறக்கிறார் விடுதிக்காரர். "லீட்" என்று ஒரு பக்கம். "டீல்" என்று ஒரு பக்கம். லீட் என்றால் சரக்கு வாங்கக்கூடிய ஆசாமி. டீல் என்றால் படிய வேண்டிய வியாபாரம். எல்லாம் விற்பனைப் பிரதிநிதிகளுக்காக ஏற்பட்ட வார்த்தைகள்.

விடுதிக்கு வேண்டியது என்ன? எந்தத் தேதி, எத்தனை பேர், குழந்தை உண்டா, கீழ்த்தளமா மாடியா, என்ன பாஷையில் பேசினால் புரியும், முன்பணம் எவ்வளவு?

"இது நமக்கு ஒத்து வராது போலிருக்கிறதே!" என்கிறார் விடுதிக்காரர்.

அப்போது ஒருவர் வருகிறார். கம்ப்யூட்டர் படித்த இளைஞர். "கவலையே வேண்டாம் சார். உங்க விடுதிக்குத் தகுந்த மாதிரி நான் மாத்தி எழுதித் தர்றேன்" என்கிறார்.

சம்மதிக்கலாமா, கூடாதா? வேளாங்கண்ணி விடுதிக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல இது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்கும், தஞ்சாவூர் பம்பு செட் வியாபாரிக்கும், லண்டனில் உள்ள பெரிய கம்பெனிக்கும் இதே கேள்விதான். கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் கோடி கோடியாக இழந்தவர்கள் உண்டு.

நாய் வாங்கிய பட்டம்

இங்கிலாந்தில் பி-ஸ்கை-பி என்ற டெலிவிஷன் கம்பெனி இருந்தது. லட்சக்கணக்கான சந்தாதாரர்கள். அவர்களுடைய போன்களுக்குப் பதில் சொல்ல, தனக்கென்றே ஒரு சி.ஆர்.எம். ஏற்பாட்டைச் செய்துகொள்ள 2000-ம் ஆண்டில் தீர்மானித்தது. இ.டி.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தது. பேசிய தொகை சுமார் 4 கோடியே 80 லட்சம் பவுன். சில மாதங்களில் வேலை முடியும் என்று வாக்களித்தார்கள்.

2001 போயிற்று. வேலை முடியவில்லை. 2002-ல் பொறுமை இழந்த ஸ்கை கம்பெனி, வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. முடிவில் ஆன செலவு சுமார் 26 கோடியே 50 லட்சம் பவுன். பேசியதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல்!

விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. வேலையை வாங்குவதில் முக்கியப் பங்கு கொண்ட இ.டி.எஸ். அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். வெர்ஜின் தீவுகளில் உள்ள கன்கார்டியா கல்லூரியில் எம்.பி.ஏ. படித்துப் பட்டம் பெற்றதாகச் சொன்னார். அந்தத் தீவுக்குச் சிறு விமானத்தில் போய் வந்ததாகவும் சொன்னார்.

எதிர்த் தரப்பு வக்கீல் விசாரித்துப் பார்த்தார். அந்தத் தீவில் விமான நிலையமே கிடையாது!

வக்கீல் அதோடு விடவில்லை. அதே "கல்லூரி"க்கு இன்டர்நெட் மூலம் பணம் கட்டி ஒரு விண்ணப்பம் போட்டார். பட்டம் வந்து சேர்ந்தது. யாருக்கு? லூலூ என்ற நாய்க்கு! அதிகாரி வாங்கிய மார்க்கைக் காட்டிலும் நாய்க்கு மார்க்கு கூடுதல்.

2010 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இவ்வளவு நாளில் முடியும் என்று சொன்னதற்குச் சரியான ஆதாரம் எதுவும் இல்லை, அது ஏமாற்று என்று நீதிபதி ராம்சே முடிவு செய்தார். அதே வருஷம் 31 கோடியே 80 லட்சம் பவுன் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது.

நாயின் கதை வேடிக்கை. அதன் பின்னால் உள்ள விஷயம் வேடிக்கை அல்ல. நீதிபதி பார்த்தது போலிப் பட்டத்தை மட்டும் அல்ல. "எத்தனை நாள் ஆகும்?" என்ற கேள்விக்குக் கணக்குப் போடாமல் பதில் சொன்னார்களே, அதைத்தான் பெரிதாகப் பார்த்தார். மாற்றி எழுதும் வேலையில் முதல் பொய் எப்போதும் நாட்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். வேண்டும் என்றே சொல்வதும் உண்டு, தெரியாமல் சொல்வதும் உண்டு. பணம் கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றே.

ஒரு கணக்கு முறைக்காக

ஜெர்மனியில் இன்னொரு கதை. லிடில் என்பது ஆயிரக்கணக்கான மளிகைக் கடைகள் நடத்தும் நிறுவனம். 2011-ல் எஸ்.ஏ.பி. என்ற பிரசித்தமான மென்பொருளைக் கொண்டுவர ஏற்பாடு செய்தது. இது சி.ஆர்.எம். அல்ல, சரக்கு நிர்வாகம். ஆனால் கேள்வி அதேதான்.

அந்த மென்பொருள் சரக்கின் மதிப்பை விற்கும் விலையில் கணக்கிடும். லிடில் நிறுவனமோ வாங்கிய விலையில் கணக்கிடுவது வழக்கம். "நாங்கள் மாற மாட்டோம். மென்பொருளை மாற்றுங்கள்" என்றது லிடில்.

மாற்றினார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடித்தது. அதையும் மாற்றினார்கள். ஏழு வருஷம் ஓடிற்று. 2018-ல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின.

வாங்கிய விலையில் கணக்குப் போடுவது தப்பு அல்ல. அந்த ஒரு வழக்கத்துக்காக இவ்வளவு பணம் தரலாமா என்று முதலிலேயே யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

ரெயில்வே செய்தது சரி

அப்படியானால் மாற்றவே கூடாதா? அதுவும் சரி அல்ல.

வேளாங்கண்ணிக்கு ரெயிலில் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் "வெயிட்டிங் லிஸ்ட்" தெரியும். "ஆர்.ஏ.சி." தெரியும். ஒரு படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து வந்து, யாராவது ரத்து செய்தால் படுக்கை கிடைக்கும் ஏற்பாடு அது. பெண்களுக்கு, முதியவர்களுக்கு, வழியில் ஏறுகிறவர்களுக்கு என்று தனித்தனி ஒதுக்கீடு வேறு. வெளிநாட்டு விமானக் கம்பெனிக்காக எழுதிய டிக்கெட் மென்பொருளில் இவற்றுக்கு இடம் ஏது?

ஆகவே 1985-ல் புதுடில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது, அதற்கான மென்பொருளை இங்கேயே எழுதினார்கள். சி.எம்.சி. என்ற அரசாங்க நிறுவனம் எழுதியது. 1986-ல் ரெயில்வேக்கு என்றே கிரிஸ் என்ற கம்ப்யூட்டர் மையம் ஏற்பட்டது. தொண்ணூறுகளில் ஊர் ஊருக்குத் தனித்தனியாக இருந்த முன்பதிவு இடங்களை ஒன்றோடு ஒன்று இணைத்தது அந்த மையம்தான்.

ரெயில்வே செய்தது ஏன் சரி? இரண்டு காரணம். ஒதுக்கீடும் வெயிட்டிங் லிஸ்டும் ரெயில்வேக்கு மேல்பூச்சு அல்ல, தொழிலே அதுதான். இன்னொன்று, எழுதியதைக் காலம் பூராவும் பராமரிக்க ரெயில்வேயிடம் ஆட்கள் உண்டு. லிடில் கதையில் முதல் காரணம் இல்லை. சிறு விடுதியில் இரண்டாவது காரணம் இல்லை.

குத்தகை வயலும் வரப்பும்

"மாற்றுவது" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. டெல்டா விவசாயிக்கு இதைச் சுலபமாக விளக்கலாம்.

குத்தகைக்கு எடுத்த வயலில் என்ன நெல் நடுவது என்பது குத்தகைக்காரர் இஷ்டம். நடவா, நேரடி விதைப்பா என்பதும் அவர் இஷ்டம். ஆனால் வரப்பை வெட்டி நகர்த்த முடியாது. வாய்க்காலைத் திருப்ப முடியாது.

வாடகை மென்பொருளும் அப்படித்தான். "டீல்" என்ற பெயரை எடுத்துவிட்டு "தங்கல்" என்று போடலாம். "பாஷை" என்று ஒரு புதுக் கட்டம் சேர்க்கலாம். "கீழ்த்தளம் வேண்டும்" என்று ஒரு குறி வைக்கலாம். முன்பணம் வந்தவுடன் செல்போனுக்குச் செய்தி போகும்படி செய்யலாம். இவை எல்லாம் அமைப்பு வேலை. மென்பொருள் கம்பெனியே இதற்கு வழி விட்டு வைத்திருக்கிறது. பத்தாவது படித்த பெண்கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு செய்துவிடலாம்.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெழுகு உரு, மண் அச்சு, வார்ப்பு, நகாசு என்று அவர் வேலைக்குப் படிகள் உண்டு. மென்பொருளில் உள்ள விற்பனைப் படிகளை அழித்துவிட்டு இந்தப் பெயர்களைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. இதற்கு யாரும் ஒரு வரிகூட எழுத வேண்டியது இல்லை.

புதிதாக எழுதிச் சேர்ப்பது வேறு. அது வரப்பு வெட்டும் வேலை. மென்பொருள் கம்பெனி வருஷத்தில் பல தடவை புதிய திருத்தங்களை அனுப்பும். மேட்டூரில் திறந்த தண்ணீர் போல அது எல்லா வயலுக்கும் வரும். வாய்க்காலை ஒருவர் தன் வசதிக்கு வளைத்திருந்தால், அவர் வயலில் மட்டும் தண்ணீர் ஏறாது. அல்லது உடைத்துக்கொண்டு பாயும். மாற்றி எழுதிய பகுதி திடீரென்று ஒரு நாள் வேலை செய்யாமல் நின்றுவிடுவது இதனால்தான். அந்த நாள் செப்டம்பர் 7-ந் தேதியாக இருந்தால் விடுதியின் கதி என்ன?

அப்போது எழுதிக் கொடுத்த இளைஞரைத் தேடுவார்கள். அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருப்பார். எழுதியதற்குக் குறிப்பு எதுவும் வைத்திருக்க மாட்டார். வேறு ஒருவரை அழைத்தால், "இதை யார் சார் எழுதினது? முதலிலேருந்து எழுதணும்" என்பார். இப்படி ஒரு பேச்சைக் கேட்காத வியாபாரி இன்று தமிழ்நாட்டில் குறைவு.

இப்போது செயற்கை அறிவு வந்துவிட்டது. சொன்னால் போதும், கம்ப்யூட்டரே மென்பொருள் எழுதிக் கொடுத்துவிடுகிறது. "இனி மாற்றி எழுதுவது மலிவு" என்று விளம்பரம் செய்கிறார்கள். எழுதும் கூலி குறைந்திருப்பது உண்மை. ஆனால் எழுதியது பழுதானால் பார்ப்பது யார்? அந்தக் கூலி குறைந்ததாகத் தெரியவில்லை. எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டவர் விடுதியில் ஒருவர்கூட இல்லை என்றால், நிலைமை முன்னைவிட மோசம்.

பேப்பரில் போட வேண்டிய கணக்கு

ஒரு பேச்சுக்குச் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் வாடகை ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். விடுதியில் மூன்று பேர் உபயோகிக்கிறார்கள். வருஷத்துக்கு 36,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். அப்படியே எடுத்தால் இவ்வளவுதான்.

மாற்றி எழுதினால்? எழுத 2,00,000 ரூபாய். முதல் வருஷம் போக, பிறகு பழுது பார்க்க வருஷம் 40,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 1,60,000 ரூபாய். ஆக, அதிகச் செலவு 3,60,000 ரூபாய்.

அறை வாடகை ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் என்றால், இந்த 3,60,000 ரூபாய் 300 நாள் அறை வாடகைக்குச் சமம். வருஷத்துக்கு 60 நாள். வாடகையில் பாதி மின்சாரம், கூலி, சலவை என்று போய்விடும். ஆகவே உண்மையில் வருஷத்துக்கு 120 நாள் அறை வாடகை கூடுதலாக வந்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

மாற்றி எழுதுவதால் மட்டும் அந்த 120 நாள் வருமா? இதற்கு "வரும், இன்ன வழியில் வரும்" என்று சொல்ல முடிந்தால் துணிந்து எழுதச் சொல்லலாம். "பார்க்க நன்றாக இருக்கும்" என்பது பதில் அல்ல. திருவிழா நாட்களில் எல்லா அறையும் எப்படியும் நிரம்பிவிடும். மென்பொருள் உதவ வேண்டியது பிப்ரவரியிலும் ஜூலையிலும் காலியாகக் கிடக்கும் அறைகளுக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

விடுதிக்காரர்கள் கேட்கும் மாற்றங்களில் பாதி சி.ஆர்.எம். மென்பொருளுக்கு உரிய வேலையே அல்ல. எந்த அறை காலி, எந்த அறையில் யார் என்று காட்டுவது ஓட்டல்களுக்கான முன்பதிவு மென்பொருளின் வேலை. அது தனியாகவே கிடைக்கிறது. அதை வாங்காமல் சி.ஆர்.எம். மென்பொருளை முறுக்கி முறுக்கி அறைப் பதிவேடு ஆக்குவது, கதிர் அரிவாளால் தச்சு வேலை செய்வது போன்றது. இரண்டையும் தனித்தனியாக எடுத்து, தேவையானால் இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு இணைப்பு மட்டும் எழுதச் சொல்லலாம். பல விடுதிகளுக்கு எழுத வேண்டிய வேலை அவ்வளவுதான் இருக்கும்.

எழுதக் கூடாத ஒரு கட்டம்

மாற்றி அமைக்கும்போது ஓர் ஆசை வரும். "எதற்காக வந்தார்கள்?" என்று ஒரு கட்டம் சேர்த்தால் என்ன?

பிள்ளை வரம் கேட்டு வந்தவர். புற்றுநோய் தீர வேண்டும் என்று வந்தவர். பிரிந்த கணவன் திரும்ப வேண்டும் என்று வந்தவர். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணிடம் மனம் விட்டுச் சொல்லிவிடுவார்கள். அதைப் பதிந்து வைத்தால் மறு வருஷம் விசாரிக்கலாம் என்று தோன்றும். நல்ல எண்ணம்தான்.

ஆனால் கணக்குப்பிள்ளை தலைக்குள் வைத்திருந்தது வேறு, கம்ப்யூட்டரில் பதிவது வேறு. கணக்குப்பிள்ளைக்கு எதை வாய் விட்டுச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்தக் கட்டம் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும், மென்பொருளைப் பழுது பார்க்க வந்தவருக்கும் தெரியும். ஒரு நாள் தவறுதலாக, "குழந்தை பிறந்துவிட்டதா?" என்று செல்போனில் செய்தி போகும். குழந்தை பிறக்காத வீட்டில், மாமியார் கையில் அந்த செல்போன் இருக்கும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2023-ம் ஆண்டில் பார்லிமெண்டு தனிமனிதர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். தேவை தீர்ந்தால் அழிக்க வேண்டும். பெரிய தவறுகளுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது போன்றவை சட்டம் கேட்கும் தகவல்கள். அவற்றைக் கொடுத்தே தீர வேண்டும். வேண்டுதலை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

ஒரு தந்திரம் உண்டு. "ஜூன் மாதம் வருகிற குடும்பம்", "கீழ்த்தளம்", "தொட்டில் வேண்டும்" என்று தேவையை மட்டும் எழுதலாம். காரணத்தை எழுத வேண்டாம். தொட்டில் ஏன் என்பதை வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடும் முன்

எல்லாம் பார்த்த பிறகும் ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், சில நிபந்தனைகளை விடுதிக்காரர் விடக் கூடாது.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எழுதியதன் பிரதியும், அதைப் பற்றிய குறிப்பும் விடுதியின் கையில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு எல்லாம் முதலாளி பெயரில் இருக்க வேண்டும், எழுதியவர் பெயரில் அல்ல. பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடக் கூடாது. வாடிக்கைக்காரர் பட்டியலை மாதம் ஒரு முறையாவது தனியாக எடுத்து வைக்க வழி வேண்டும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால், பட்டியல் கூடவே வர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மென்பொருள் போனால் வேறு வாங்கலாம். பட்டியல் போனால் கணக்குப்பிள்ளை திரும்பி வரமாட்டார்.

புயலையும் யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது, நாகை மாவட்டத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்டர்நெட் மென்பொருள் எங்கோ பத்திரமாக இருக்கும். பார்க்கத்தான் முடியாது. ஆகவே வருகிற பதினைந்து நாள் முன்பதிவை அச்சடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருப்பது நல்லது. காகிதம் இன்னும் செத்துப்போய்விடவில்லை.

எப்போது தொடங்குவது? ஜூலையில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். கொடி ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தில்தான் வேண்டாத மாற்றங்களுக்கு எல்லாம் தலை ஆட்டிவிடுகிறார்கள். செப்டம்பர் திருவிழா முடிந்து, அக்டோபர் மழையில் ஊர் சற்று ஓய்ந்திருக்கும்போது, எதையும் மாற்றாமல் அப்படியே எடுத்து உபயோகித்துப் பார்க்கலாம். என்ன இடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். கிறிஸ்துமசுக்கும் புது வருஷத்துக்கும் வருகிற கூட்டம் முதல் பரீட்சை. ஜனவரியில் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், முதல் வாரத்தில் "இது இல்லாமல் முடியாது" என்று எழுதியதில் பல வரிகளை விடுதிக்காரரே அடித்துவிடுவார். அடிபடாமல் நிற்கிற இரண்டு மூன்று வரிகளுக்கு மட்டும் ஆள் கூப்பிட்டு விலை பேசலாம். ஆகஸ்டு 29-க்கு அதன் பிறகும் ஏழு மாதம் இருக்கிறது.